வாடகைக்கு விட இரண்டாவது வீடு: ஒன்ராறியோவில் வாங்குமுன் எழும் கேள்விகள்

கனடாவுக்கு வந்த எம்மவர்களில் பலருக்கு இந்நாட்டில் கிடைத்த முதல் முகவரி, வேறொரு தமிழரின் பேஸ்மென்ட். அங்கிருந்து இரண்டு வேலை செய்து, சீட்டுக் கட்டி, ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏஜக்சிலோ சொந்த வீடு வாங்கியவர்கள், பிள்ளைகள் வளரும் காலத்தில் அடுத்த கேள்விக்கு வருகிறார்கள். இன்னொரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன? ஊரில் வீட்டையும் காணியையும் விட்டுவிட்டு ஓடிவந்த ஒரு சமூகத்துக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சொத்தின் மீது நம்பிக்கை அதிகமாக இருப்பதில் வியப்பில்லை. பங்குச் சந்தை என்றால் பத்து முறை யோசிப்பவர்கள், கொண்டோ என்றால் ஒரே மாலையில் கையொப்பம் வைத்துவிடுகிறார்கள்.

இக்கட்டுரை ஒன்ராறியோ மாகாணத்தைப் பற்றியது. வாடகைச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். மொன்றியலிலோ கல்கரியிலோ வீடு பார்ப்பவர்களுக்கு, கடன் பற்றியும் வருமான வரி பற்றியும் இங்கே சொல்லப்படுபவை மட்டுமே பொருந்தும்.

புதிதாக இறங்குபவர்கள் முதலில் கேட்பது "எந்த ஏரியாவில் வாங்கலாம், விலை ஏறுமா?" என்பதைத்தான். அதற்கு உறுதியான பதில் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. குடும்பங்களைச் சிக்கலில் மாட்டிய கேள்விகள் வேறு. அவற்றுக்குப் பதில் உண்டு, முன்கூட்டியே கணக்கும் பார்க்கலாம்.

வாடகையே மோட்கேஜைக் கட்டிவிடுமா?

பெரும்பாலும் இல்லை. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரொறன்ரோவில் 600,000 டொலருக்கு ஒரு கொண்டோ. நீங்கள் அதில் குடியிருக்கப் போவதில்லை என்றால் குறைந்தது 20 வீதம், அதாவது 120,000 டொலர் முற்பணம் வேண்டும். 5 வீத முற்பணம் என்று விளம்பரங்களில் வருவது, வாங்குபவர் தானே குடியிருக்கும் வீட்டுக்கு. மீதி 480,000 டொலரை 4.5 வீத வட்டிக்கு, 25 ஆண்டுத் தவணையில் எடுத்தால் மாதக் கட்டணம் ஏறக்குறைய 2,657 டொலர். கொண்டோ பராமரிப்புக் கட்டணம் 550, சொத்து வரி 230, காப்புறுதி 40 என்று வைத்துக்கொண்டால் மாதச் செலவு 3,477. வாடகை 2,500 வந்தால் மாதம் 977 டொலர் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும்.

அந்த 120,000 டொலர் எங்கிருந்து வந்தது என்பது அடுத்தது. எம்மவர் பலர் அதைச் சேமிப்பிலிருந்து எடுப்பதில்லை. குடியிருக்கும் வீட்டின் மீது ஹோம் எக்குயிட்டி லைன் எடுத்துத்தான் கட்டுகிறார்கள். அதற்கு 5.5 வீத வட்டி என்றால் மாதம் இன்னொரு 550. ஆக மொத்தப் பற்றாக்குறை மாதம் 1,527, ஆண்டுக்கு 18,000 டொலருக்கு மேல். இதில் வீடு ஒரு மாதம்கூட வெறுமையாக இருக்கவில்லை, குளிர்சாதனப் பெட்டி பழுதாகவில்லை, குடியிருப்பவர் வாடகை தவறவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பணம் முழுவதும் நட்டம் அல்ல. முதல் மாதக் கட்டணத்தில் 874 டொலர் அளவு கடனின் முதலைக் குறைக்கிறது. அது ஒருவகைச் சேமிப்பு. ஆனால் அந்தச் சேமிப்பை அவசரத்துக்கு எடுக்க முடியாது, மாதாமாதம் கட்டத்தான் முடியும். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி: கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு ஆறு மாதம் வேலை இல்லாமல் போனால் இந்தப் பற்றாக்குறையை யார் கட்டுவது? இரண்டு வீடுகளும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. கொண்டோ விழுந்தால் குடியிருக்கும் வீட்டையும் இழுக்கும்.

வட்டி மாறும் என்பதை 2022இல் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி வீதம், 2023 யூலையில் 5 வீதத்துக்குப் போனது. மாறும் வட்டியில் இரண்டு மூன்று வீடுகள் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எம்மிடையே இரகசியம் அல்ல. 2024 யூனிலிருந்து வட்டி இறங்கியது உண்மைதான். ஆனால் இங்கே மோட்கேஜ் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. 25 ஆண்டுக்கும் ஒரே வட்டி என்று எண்ணிக் கணக்குப் போடக் கூடாது. வங்கிகளும் அதனால்தான் 5.25 வீதம், அல்லது உங்கள் வட்டியோடு மேலும் 2 வீதம், இவற்றில் எது கூடுதலோ அதைக் கட்டமுடியுமா என்று சோதிக்கின்றன. அந்தச் சோதனையைத் தாண்டுவதற்காகச் சம்பளக் கடிதத்தைக் கூட்டி எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள். அது மோசடி. அதில் கையொப்பம் உங்களுடையதாக இருக்கும்.

வாங்கும் நாளில் கையில் வேண்டிய பணம்

காணி மாற்று வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 600,000 டொலர் வீட்டுக்கு ஒன்ராறியோ அறவிடுவது 8,475 டொலர். வீடு ரொறன்ரோ நகர எல்லைக்குள் இருந்தால் நகரசபைக்கும் அதே அளவு, மொத்தம் 16,950. மார்க்கத்தில் வாங்கினால் இந்த இரண்டாவது தொகை இல்லை. முதல் வீடு வாங்குபவருக்கான கழிவு, தானே குடியிருப்பவருக்குத்தான். "மகனுக்கு முதல் வீடுதானே, அவன் பெயரில் எழுதி வாடகைக்கு விடுவோம்" என்ற யோசனை இங்கே எடுபடாது.

கட்டி முடியாத கொண்டோவைத் திட்ட நிலையில் வாங்குபவர்களுக்கு வேறு இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, ஒப்பந்த விலைக்கும் முடிக்கும் நாளில் வங்கி மதிப்பிடும் விலைக்கும் உள்ள இடைவெளி. நான்கு ஆண்டுக்கு முன்னர் 700,000க்கு ஒப்புக்கொண்டதை வங்கி இன்று 600,000 என்று மதித்தால், கடன் 600,000க்குத்தான் கணக்கிடப்படும். மீதியை நீங்கள் கொண்டுவர வேண்டும். முடிக்க முடியாவிட்டால் கட்டிய வைப்புப் பணம் போவதோடு நிற்காது, கட்டுநர் நட்டஈடு கேட்டு வழக்கும் போடலாம். இரண்டாவது, எச்.எஸ்.ரி. வரி. கட்டுநர் சொல்லும் விலையில் வரிக்கழிவு முன்கூட்டியே கழிக்கப்பட்டிருக்கும். அது குடியிருக்க வாங்குபவருக்குரிய கழிவு. வாடகைக்கு விடுபவர் முடிக்கும் நாளில் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்டி, பிறகு ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி வாடகை வீட்டுக்கான கழிவை விண்ணப்பித்துப் பெறவேண்டும். மாகாணப் பங்கு மட்டும் 24,000 டொலர் வரை வரும். திரும்பக் கிடைக்கும் பணம்தான். ஆனாலும் அந்த நாளில் கையில் இருக்க வேண்டும்.

ஒன்ராறியோவில் புதுக் கொண்டோ ஒப்பந்தத்தைப் பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். அந்தப் பத்து நாளில் ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். விற்பனை நிலையத்தில் தேநீரும் வடையும் தந்த முகவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் அவருக்குப் பணம் கிடைப்பது நீங்கள் வாங்கினால்தான்.

யாருடைய பெயரில்?

எமது குடும்பங்கள் நாலு நாட்டில் சிதறிக் கிடக்கின்றன. லண்டனில் தமையன், சுவிசில் தங்கை, ரொறன்ரோவில் நீங்கள். மூவரும் காசு போட்டு இங்கே ஒரு வீடு வாங்கினால் என்ன என்று கல்யாண வீட்டில் பேச்சு எழும். கவனம். கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாதவர்கள் ரொறன்ரோ போன்ற பெருநகரப் பகுதிகளில் வீடு வாங்குவதற்கு 2023 ஜனவரி 1 முதல் நடுவண் அரசின் தடை உள்ளது. 2027 ஜனவரி 1 வரை அது நீடிக்கப்பட்டிருக்கிறது. விதிவிலக்கில் வருபவராக இருந்தாலும், ஒன்ராறியோவின் வெளிநாட்டு வதிவாளர் வரி 25 வீதம். உறுதியில் உள்ள ஒருவர் மட்டும் வெளிநாட்டவராக இருந்தாலே முழுப் பெறுமதிக்கும் அந்த வரி விழும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது.

சகோதரர் காசு தந்து, உறுதி உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், அது அன்பளிப்பா, கடனா, பங்கா? இதை எழுதி வைக்காமல் விட்டதால் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள் எத்தனையோ. தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்வரை எல்லாம் சுமுகமாகப் போகும். அதன்பிறகு, அல்லது ஒரு விவாகரத்து வந்தால், வாய்ச்சொல்லுக்கு இடமில்லை. இருவர் உறுதியில் சேரும்போதும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தானாகப் போகும். மற்றதில் அவரவர் பங்கு அவரவர் வாரிசுகளுக்குப் போகும். சகோதரர்கள் சேர்ந்து வாங்குகிறார்கள் என்றால் எந்த வகை என்று சட்டத்தரணியிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

சொந்தக்காரருக்காகக் கடனில் இணைக் கையொப்பம் வைப்பதும் சின்ன உதவி அல்ல. அந்தக் கடன் முழுவதும் உங்கள் கணக்கிலும் ஏறும். நாளை நீங்கள் கடன் கேட்கப் போகும்போது வங்கி அதைத்தான் முதலில் பார்க்கும்.

வாடகைக்கு யாரை வைப்பது, என்ன கேட்கலாம்?

இங்கேதான் ஊர் வழக்கமும் சட்டமும் மோதுகின்றன. ஒன்ராறியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டம் 2006ஆம் ஆண்டினது. 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வாடகைகளுக்கு மாகாண அரசின் நிலையான ஒப்பந்தப் படிவத்தைப் பயன்படுத்த வேண்டும். "எங்கட ஊர்ப் பொடியன்தானே, என்னத்துக்கு எழுத்து" என்று விட்டாலும் அவருக்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் உண்டு. எழுத்து இல்லாததால் என்ன பேசினோம் என்று நிரூபிக்க முடியாமல் நிற்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரரே.

முற்பணமாக வாங்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும். சேதத்துக்கான வைப்புப் பணம் கேட்க முடியாது. வாங்கிய கடைசி மாதப் பணத்துக்கு ஆண்டுதோறும் வட்டி கொடுக்க வேண்டும். பின்திகதியிட்ட காசோலைகளைக் கட்டாயப்படுத்த முடியாது. செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்ற நிபந்தனை எழுதினாலும் செல்லாது, கொண்டோ நிர்வாகத்தின் சொந்த விதி வேறு விடயம். கேட்டால் வாடகைப் பற்றுச்சீட்டுக் கொடுத்தாக வேண்டும். வீட்டுக்குள் போவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்து, காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் போகலாம். எங்கள் வீடுதானே என்று திறப்பைப் போட்டுத் திறந்துகொண்டு போகும் பழக்கம் எம்மவரிடையே நிறைய. அங்கே குடியிருப்பது வேறொரு குடும்பம், அது அவர்களுடைய வீடு.

"தமிழ் ஆட்களுக்கு மட்டும்", "பிள்ளைகள் இல்லாதவர்கள் மட்டும்" என்று விளம்பரம் போடுவது மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது. அரச உதவிப் பணத்தில் வாழ்கிறார் என்பதற்காகவும் ஒருவரை மறுக்க முடியாது. வீட்டுக்காரரோ அவர் குடும்பமோ குடியிருந்து, குளியலறையையோ சமையலறையையோ வாடகைக்கு வருபவரோடு பகிர்ந்துகொள்ளும் வீடு இதற்கு விதிவிலக்கு. அப்படிப் பகிரும் இடத்துக்கு வாடகைச் சட்டமும் பொருந்தாது. தனிச் சமையலறை, தனிக் குளியலறையோடு உள்ள பேஸ்மென்ட்டுக்கு அது பொருந்தும்.

வருமானச் சான்று, கடன் அறிக்கை, முந்தைய வீட்டுக்காரரின் தொடர்பு ஆகியவற்றைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். முந்தைய வீட்டுக்காரரை நேரில் அழைத்துப் பேசுங்கள், போலிக் கடிதங்கள் நிறைய உலவுகின்றன. ஆனால் புதிதாக வந்த அகதிக்குக் கடன் வரலாறு இருக்காது. இல்லை என்பதையே குறையாக எடுத்து மறுப்பது சரியல்ல என்பதே மனித உரிமை விதிகளின் நிலைப்பாடு. எங்களில் எவருக்கு வந்த முதல் ஆண்டில் கடன் வரலாறு இருந்தது? வேலைக் கடிதமும், தெரிந்த ஒருவரின் பிணையும் அந்த இடத்தை நிரப்பலாம்.

வாடகையை ஏற்றலாமா? குடியெழுப்பலாமா?

ஏற்றலாம், 12 மாதத்துக்கு ஒருமுறை, 90 நாள் எழுத்து அறிவித்தலோடு. எவ்வளவு என்பதை மாகாணம் ஆண்டுதோறும் அறிவிக்கும். 2025க்கு 2.5 வீதம், 2026க்கு 2.1 வீதம். 2,500 டொலர் வாடகைக்கு 2.1 வீதம் என்பது 52 டொலர் 50 சதம். பராமரிப்புக் கட்டணமும் வட்டியும் ஏறும் வேகத்துக்கு இது எட்டாது. 2018 நவம்பர் 15க்குப் பின்னர் முதன்முதலாகக் குடியேறப்பட்ட கட்டடங்களுக்கு இந்த வரம்பு இல்லை, அறிவித்தல் விதிகள் மட்டும் உண்டு. பழைய வீடா புதிய வீடா என்று பார்க்கும்போது இந்த வேறுபாட்டையும் நிறுத்துப் பாருங்கள்.

வாடகை வராவிட்டால் N4 என்ற அறிவித்தல், அதற்குரிய கால எல்லை முடிந்தும் பணம் வராவிட்டால் வீட்டுக்காரர் குடியிருப்பாளர் வாரியத்தில் விண்ணப்பம், பிறகு விசாரணை. பூட்டை மாற்றுவது, மின்சாரத்தையோ வெப்பத்தையோ நிறுத்துவது எல்லாம் குற்றம். வாரியத்தின் தாமதம் பெயர்பெற்றது. 2023 மே மாதம் ஒன்ராறியோ மக்கள் குறைகேள் அதிகாரியே அதைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். 2025 இறுதியில் மாகாணம் நிறைவேற்றிய 60ஆம் இலக்கச் சட்டமூலம் இந்தக் கால எல்லைகள் சிலவற்றைச் சுருக்குகிறது. எனவே நண்பர் வைத்திருக்கும் பழைய படிவத்தை நகலெடுக்காமல், வாரியத்தின் இணையத்தளத்தில் அன்றைக்கு உள்ளதை எடுங்கள். பெயரிலோ திகதியிலோ தொகையிலோ ஒரு பிழை இருந்தால் விண்ணப்பம் தள்ளப்பட்டு முதலிலிருந்து தொடங்க நேரிடும். ஆறு மாதச் செலவைத் தொடாமல் வைத்திருக்க முடியாதவர் இந்தத் தொழிலுக்கு வராமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

"எங்களுக்கே வீடு தேவை" என்று எழுப்புவதற்கு N12 அறிவித்தல். வழமையாக 60 நாள் அவகாசமும் ஒரு மாத வாடகை இழப்பீடும். இவையும் அந்தப் புதிய சட்டமூலம் தொடும் இடங்கள். யார் குடிவரலாம் என்பதுதான் எம்மவர் தடுக்கி விழும் இடம். நீங்கள், உங்கள் துணை, உங்கள் இருவரில் எவருடைய பிள்ளையோ பெற்றோரோ, அல்லது அவர்களைப் பராமரிப்பவர். அவ்வளவுதான். மாமியார் வரலாம். தமையனோ தமக்கையோ பெறாமகனோ ஊரிலிருந்து வருகிறார் என்பது காரணமாகாது. எங்கள் கண்ணில் அவர்கள் குடும்பம்தான், சட்டத்தின் கண்ணில் அல்ல. குடிவருபவர் குறைந்தது ஓராண்டு இருக்கும் எண்ணத்தோடு வரவேண்டும். எழுப்பிவிட்டு மூன்றாம் மாதம் கூடிய வாடகைக்கு வேறொருவருக்குக் கொடுத்தது தெரியவந்தால் பழைய குடியிருப்பாளர் வாரியத்துக்குப் போகலாம். தனிநபருக்கான உச்சத் தண்டப்பணம் இப்போது 100,000 டொலர்.

பேஸ்மென்ட் மட்டும் விட்டால்?

புதியவர்களுக்கு இதுவே பாதுகாப்பான தொடக்கம் என்பேன். இன்னொரு மோட்கேஜ் இல்லை, கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் கட்டட அனுமதியோடு, தீ தாங்கும் பிரிப்பு, தப்பிக்கக்கூடிய வழி, புகை எச்சரிக்கைக் கருவி, காபன் மொனொக்சைட் கருவி எல்லாம் இருக்க வேண்டும். 2022இல் வந்த மாகாணச் சட்ட மாற்றத்தின்படி பெரும்பாலான குடியிருப்புக் காணிகளில் மூன்று வீட்டு அலகுகள் வரை அனுமதிக்கப்படுகிறது. முன்பிருந்ததைவிட அனுமதி பெறுவது எளிது. காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். சொல்லாமல் விட்டு ஒரு தீ விபத்து நடந்தால் நட்டஈடு மறுக்கப்படலாம். கீழே படுத்திருந்த பிள்ளைக்கு வெளியே வர யன்னல் இல்லாமல் போனால் எந்த நட்டஈட்டாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

வரி

வாடகை வருமானம் T776 படிவத்தில் காட்டப்பட வேண்டும், காசாக வாங்கினாலும்தான். மோட்கேஜ் வட்டி, சொத்து வரி, காப்புறுதி, பராமரிப்புக் கட்டணம், பழுது பார்த்த செலவு ஆகியவற்றைக் கழிக்கலாம். முதலைக் கட்டுவதைக் கழிக்க முடியாது. நீங்களே சனிக்கிழமை போய் மை பூசிய உழைப்புக்கும் கழிவு இல்லை, வாங்கிய மைக்கு உண்டு. முன்னர் சொன்ன மாதிரிக் கணக்கில், முற்பணக் கடனின் வட்டியும் சேர்ந்தால் வரிக் கணக்கில் மாதம் 650 டொலர் அளவு நட்டமே வரும். அது சம்பள வருமானத்திலிருந்து கழியும், ஓரளவு ஆறுதல்.

விற்கும்போது இலாபத்தில் பாதி அந்த ஆண்டின் வருமானத்தோடு சேரும். 100,000 இலாபம் என்றால் 50,000க்கு வரி. அந்தப் பாதியை மூன்றில் இரண்டாக உயர்த்தும் திட்டம் 2025 மார்ச்சில் கைவிடப்பட்டது. வாங்கி 365 நாட்களுக்குள் விற்றால், மரணம், விவாகரத்துப் போன்ற காரணங்கள் இல்லாவிட்டால், இலாபம் முழுவதும் வியாபார வருமானமாகும். குடியிருந்த வீட்டை வாடகைக்கு மாற்றினால், அந்த நாளில் அதைச் சந்தை விலைக்கு விற்றதாகவே வரித் திணைக்களம் எடுத்துக்கொள்ளும். அன்றைய மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி வையுங்கள். ரொறன்ரோவில் வீடு வைத்திருப்பவர் வெறுமை வீட்டு வரிக்கான அறிவிப்பை ஆண்டுதோறும் செய்யவேண்டும், வாடகைக்கு ஆள் இருந்தாலும்கூட. மறந்தால் வீடு வெறுமையானது என்று கருதி மதிப்பீட்டுப் பெறுமதியில் 3 வீதம் அறவிடுவார்கள்.

விற்க நினைக்கும் நாளில் இன்னொன்று தெரியவரும். வீட்டை விற்பதால் வாடகை ஒப்பந்தம் முடிவதில்லை. குடியிருப்பவரோடுதான் வீடு கைமாறும். வாங்குபவர் தானோ தன் பிள்ளையோ பெற்றோரோ குடிவரப்போவதாக இருந்தால் மட்டும் அவருக்காக நீங்கள் N12 கொடுக்கலாம், அதுவும் ஒப்பந்தக் காலம் முடியும் திகதிக்குத்தான். வெறுமையாகத் தருகிறேன் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, குடியிருப்பவர் போக மறுத்தால், வாங்குபவர் உங்கள் மேல் வழக்குப் போடுவார். பணம் கொடுத்து இணக்கமாகப் போகச் சொல்வதற்குத் தடையில்லை. அப்படியானால் N11 படிவத்தில் இருவரும் கையொப்பமிட்டு, திறப்பு கைக்கு வரும்போது வங்கி வரைவாகக் கொடுங்கள்.